இரவு வெளிச்சத்துக்கு எதை வாங்குவது: மஞ்சள் பல்பா, ப்ளூ கட் கண்ணாடியா, ஸ்மார்ட் பல்பா?

எலெக்ட்ரிகல் கடையில் பல்பு கேட்டால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" அடுத்தது, "வெள்ளையா, மஞ்சளா?" நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் வெள்ளை என்போம். டியூப் லைட் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. மஞ்சள் வெளிச்சம் என்றால் குண்டு பல்பு, லோ வோல்டேஜ், அழுது வடியும் வீடு. பளிச்சென்று வெள்ளையாக எரிந்தால்தான் லைட் போட்ட மாதிரியே இருக்கும்.

சில வருடங்களாக இந்தச் சாதாரணக் கேள்விக்குள் தூக்கமும் நுழைந்துவிட்டது. வெள்ளை லைட்டில் இருக்கும் நீல ஒளி, இரவில் உடம்பில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனைக் கெடுக்கிறது, மஞ்சள் பல்புக்கு மாறுங்கள் என்கிறார் ஒருவர். கண்ணாடிக் கடையில் 'ப்ளூ கட்' லென்ஸ் போடச் சொல்கிறார்கள். போனில் 'நைட் மோடு' இருக்கிறது. ஆப்பில் நிறம் மாற்றும் ஸ்மார்ட் பல்பு ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. எதற்குப் பணம் போடலாம், எது வீண் செலவு, எது செலவே இல்லாமல் முடியும்? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறம் முக்கியம்தான், ஆனால் எவ்வளவு வெளிச்சம், அது எங்கிருந்து வருகிறது என்பவை அதைவிட முக்கியம். கூரையில் எரியும் லைட்டை அணைக்காமல் வேறு எதை வாங்கினாலும் பாதிப் பலன்தான்.

கொஞ்சம் பின்கதை தேவை. மெலடோனினை 1958இல் பிரித்தெடுத்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஆரன் லெர்னர். அவர் தோல் மருத்துவர். தூக்கத்தைத் தேடி அவர் போகவில்லை. தவளைத் தோலை வெளுக்க வைக்கும் ஒரு பொருள் மாடுகளின் மூளையில் உள்ள பீனியல் சுரப்பியில் இருந்தது, அது தோல் நோய்க்கு உதவுமா என்றுதான் பார்த்தார். தூக்கத்தோடு அதற்கு இருக்கும் உறவு பின்னால்தான் தெரிந்தது. இருட்டத் தொடங்கி, நாம் வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே இரத்தத்தில் மெலடோனின் ஏற ஆரம்பிக்கும். அதைத் தூக்க மாத்திரை என்று நினைத்துக்கொண்டால் கணக்கு தப்பும். ஊரில் தண்டோரா போடுகிறவரின் வேலைதான் அதற்கு: இரவு வந்துவிட்டது என்று உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு போகும், தானே யாரையும் படுக்க வைக்காது. அறிவிப்பு தாமதமானால் உடம்பின் கடிகாரமும் தள்ளிப்போகிறது, மறுநாள் காலை எழுவது பெரும்பாடாகிறது.

மனிதர்களிடம் பிரகாசமான ஒளி மெலடோனினை அடக்கும் என்று ஆல்ஃப்ரட் லூயியின் குழு 1980இல் காட்டியது. எந்த நிற ஒளி அதிகம் அடக்குகிறது என்பதற்கு 2001இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு குழுக்கள் பதில் சொல்லின. அமெரிக்காவில் ஜார்ஜ் பிரெய்னார்டின் குழு, இங்கிலாந்தில் கவிதா தாப்பனும் கூட்டாளிகளும். இரண்டு பேருக்கும் விடை 460 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே வந்தது, அதாவது நீலம். பார்வைக்கு உதவும் செல்கள் அந்த இடத்தில் உச்சம் காட்டுவதில்லை என்பதால், கண்ணுக்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று புரிந்தது. அடுத்த ஆண்டே டேவிட் பெர்சன் அதைக் காட்டினார். விழித்திரையில் ஒரு சிறு பகுதி நரம்பு செல்கள் மெலனோப்சின் என்ற நிறமியை வைத்துக்கொண்டு நேரடியாக ஒளியை உணர்ந்து, மூளையின் கடிகாரத்துக்குச் சொல்கின்றன. அந்த நிறமிக்கு 480 நானோமீட்டர் பக்கம்தான் பிடித்த இடம். அந்த மெலனோப்சினும் 1998இல் முதலில் கிடைத்தது தவளைத் தோலில்தான். இந்தத் துறை தவளைக்கு இரண்டு முறை நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது பல்புக்கு வருவோம். வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவதன் உள்ளே இருப்பது 450 நானோமீட்டர் அளவில் ஒளி வீசும் ஒரு நீலச் சில்லு. அதன் மேல் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் பூச்சு. சில்லின் நீலமும் பூச்சின் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலச் சில்லுக்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். 2015இல் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் மட்டும் நம் நாட்டில் 36 கோடிக்கும் அதிகமான எல்இடி பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். அட்டைப்பெட்டியில் 'கூல் டேலைட் 6500 கெல்வின்' என்று இருந்தால் நீலம் தாராளமாக இருக்கிறது என்று பொருள். 'வார்ம் ஒயிட் 2700' அல்லது '3000 கெல்வின்' என்றால் பூச்சு கனம், நீலம் குறைவு. குறைவுதான், இல்லாமல் போய்விடவில்லை. நடுவே 4000 கெல்வினில் 'நேச்சுரல் ஒயிட்' என்று ஒன்று உண்டு.

இதையெல்லாம் ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டுமல்லவா? ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளக்கும் சாதாரண லக்ஸ் பார்வைக்கான கணக்கு. மெலனோப்சினை ஒரு வெளிச்சம் எவ்வளவு தூண்டும் என்பதற்குச் சர்வதேச ஒளியியல் ஆணையம் 2018இல் தனிக் கணக்கு வகுத்தது. மெலனோபிக் லக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லலாம். பகல் வெளிச்சத்துக்கு இரண்டும் ஒன்றே. 6500 கெல்வின் எல்இடிக்குச் சாதாரண லக்ஸை ஏறக்குறைய 0.9ஆல் பெருக்கினால் மெலனோபிக் லக்ஸ். 3000 கெல்வின் எல்இடிக்கும் பழைய குண்டு பல்புக்கும் சுமார் 0.5. 2022இல் டிமோதி பிரவுன் தலைமையில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள்: கண் அருகே அளந்தால் பகலில் குறைந்தது 250, படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் அதிகபட்சம் 10, தூங்கும்போது அதிகபட்சம் 1. இனி எல்லாவற்றையும் அந்த 10 என்ற எண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கப் போகிறேன்.

முதல் வழி: கூரை லைட்டின் நிறத்தை மட்டும் மாற்றுவது. 10க்கு 12 அடி அறை, கூரையை ஒட்டிச் சுவரில் 20 வாட்ஸ் எல்இடி டியூப், அது வெளிவிடும் மொத்த ஒளி 2000 லூமென். கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்க்கிற கண்ணுக்கு வந்து சேர்வது தோராயமாக 80 லக்ஸ் என்று வைப்போம். 6500 கெல்வின் என்றால் 72 மெலனோபிக் லக்ஸ். அதே லூமெனில் 3000 கெல்வின் டியூப் மாட்டினால் 40. நல்ல குறைவுதான், ஆனால் 10ஐ விட இன்னும் நான்கு மடங்கு. கணக்கில் மட்டும் வரும் விஷயமில்லை இது. 2011இல் ஹார்வர்டில் 116 பேரை வைத்து ஜோஷுவா கூலியின் குழு பார்த்தது: படுக்கும் வரை 200 லக்ஸுக்குக் குறைவான, வீட்டில் சகஜமாக இருக்கிற அறை வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு, மங்கலில் இருந்த நாளை விட மெலடோனின் சுரக்கும் நேரம் ஒன்றரை மணி நேரம் சுருங்கியிருந்தது. யாரும் சர்ச் லைட் அடிக்கவில்லை. நம் வீட்டு ஹால் வெளிச்சம்தான்.

ஒரு நுணுக்கமும் இருக்கிறது. மஞ்சளாகத் தெரிவதால் மட்டும் ஒரு வெளிச்சம் தூக்கத்துக்கு நல்லதாகிவிடாது. பாசல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் புளூமேயின் குழு 2023இல் செய்த சோதனையில், மெலனோப்சினை ஒரே அளவு தூண்டும்படி சரிசெய்த மூன்று வெளிச்சங்களைக் கொடுத்தார்கள். ஒன்று நீலமாகத் தெரியும், ஒன்று மஞ்சளாக, ஒன்று வெள்ளையாக. உடல் கடிகாரத்திலும் தூக்கத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆக, மஞ்சள் என்ற தோற்றத்துக்குத் தனி மகிமை கிடையாது. அதற்குள் 480 நானோமீட்டர் பக்கம் எவ்வளவு ஒளி இருக்கிறது, மொத்தமாக எவ்வளவு கண்ணில் விழுகிறது என்பதுதான் கேள்வி. 30 வாட்ஸ் மஞ்சள் டியூபைப் போட்டுக்கொண்டு 'வார்ம் லைட்டுக்கு மாறிவிட்டேன்' என்று நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை.

சரி, அப்படியானால் என்ன செய்வது? இரண்டாவது வழி, எனக்குப் பிடித்த வழி: ஒன்பது மணி அளவில் கூரை லைட்டை அணைத்துவிட்டு, தாழ்வாக ஒரு சிறிய மஞ்சள் விளக்கு. 3 வாட்ஸ் வார்ம் ஒயிட் பல்பு ஒன்று, மறைப்புள்ள ஒரு மேசை விளக்கில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் கண்ணுக்கு வருவது 10 லக்ஸ் சுற்றளவில். அதை 0.5ஆல் பெருக்கினால் 5. பத்துக்குள் வந்துவிட்டோம். 72ஐ 40 ஆக்கியது நிறம். 40ஐ 5 ஆக்கியது சுவிட்ச்.

தாழ்வாக வைப்பதற்கும் காரணம் உண்டு. மேலிருந்து வரும் ஒளி விழித்திரையின் கீழ்ப்பகுதியில் விழுகிறது. அந்தக் கீழ்ப்பகுதிக்குக் கொடுத்த ஒளி, மேற்பகுதிக்குக் கொடுத்ததைவிட மெலடோனினை அதிகம் அடக்கியதாகப் பிரெய்னார்டின் ஆய்வுக்கூடமே 2003இல் காட்டியது. ஆக, அதே பல்பு மோட்டுவளையில் இருப்பதும் கட்டில் உயரத்துக்குக் கீழே இருப்பதும் ஒன்றல்ல. மெழுகுவர்த்தியோ அகல் விளக்கோ ஒரு மீட்டர் தூரத்தில் கண்ணுக்குத் தருவது 1 லக்ஸ் அளவு. கரண்ட் வருவதற்கு முன் நம் முன்னோர்களின் மாலை முழுவதும் அந்த 10 என்ற கோட்டுக்குக் கீழேதான் ஓடியது. அதற்காக எல்லோரும் அகல் விளக்குக்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை. கூரை வெளிச்சம் எவ்வளவு பெரிய அளவு என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

இருட்டில் எப்படிப் படிப்பது என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வளையும் கழுத்துள்ள ரீடிங் லாம்பில் வார்ம் ஒயிட் பல்பு போட்டு, புத்தகத்தின் மேல் மட்டும் 200 லக்ஸ் விழ வைத்தால் தாராளமாகப் படிக்கலாம். விரித்த புத்தகத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் கண்ணுக்குத் திரும்பி வருவது 20 லக்ஸுக்குள். மெலனோபிக் கணக்கில் பத்துக்குள். பல்பின் முகம் கண்ணுக்கு நேராகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். படுத்துக்கொண்டு படிப்பவர் விளக்கைத் தலைக்குப் பின்னால் வைப்பது நல்லது.

சமையலறைக்கும் பூஜையறைக்கும் இந்த விதியைக் கொண்டுபோக வேண்டாம். கத்தி பிடிக்கும் இடத்தில் நல்ல வெள்ளை வெளிச்சம் வேண்டும். புடவை, சட்டை எடுக்கும் அலமாரிக்கு முன்னும் அப்படித்தான்; மலிவான மஞ்சள் பல்பில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். படுக்கையறையிலும் இப்போது இருக்கும் வெள்ளை டியூபைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. காலை ஐந்தரை மணிக்குப் பள்ளிக்குக் கிளப்ப அது நல்ல ஆயுதம்.

மூன்றாவது, போன். இந்தத் தலைப்பில் எல்லோரும் முதலில் திட்டுவது போனைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். 2015இல் பாஸ்டனில் நடந்த ஆய்வுதான் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுவது. 12 பேர், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஐபேடில் படித்தார்கள். வேறு நாட்களில் அச்சுப் புத்தகம். ஐபேட் நாட்களில் மெலடோனின் 55 சதவீதம் அடங்கியது, மறுநாள் மெலடோனின் ஏறும் நேரம் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் ஐபேட் முழு பிரைட்னஸில் இருந்தது, நான்கு மணி நேரம் விடாமல், அறை மங்கலாக. தூக்கம் வர ஆன கூடுதல் நேரம் எவ்வளவு என்று பார்த்தால் சுமார் 10 நிமிடம்தான்.

அடுத்த ஆண்டே ஸ்வீடனின் உப்சாலாவில் இன்னொரு ஆய்வு. 14 பேருக்குப் பகலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சம் கொடுத்தார்கள், 570 லக்ஸ் அளவுக்கு. இரவில் இரண்டு மணி நேரம் டேப்லெட்டில் படித்தாலும் புத்தகத்தில் படித்தாலும் மெலடோனினிலும் தூக்கத்திலும் வித்தியாசமில்லை. பகலில் கண் நிறைய வெளிச்சம் வாங்கியிருந்தால் இரவின் சிறு வெளிச்சம் அவ்வளவாகக் கலைப்பதில்லை என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். திரை போட்ட ஏசி அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் இரவு போனை மட்டும் குறை சொல்வது பாதி நியாயம். நம் ஊரில் மேகமூட்டமான நாளில்கூட வாசலுக்கு வந்தால் ஆயிரக்கணக்கில் லக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. உச்சி வெயிலில் லட்சத்தைத் தொடும்.

போன் திரைக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும். 7க்கு 15 சென்டிமீட்டர் திரை, முழு வெள்ளைப் பக்கம், 500 நிட்ஸ் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) பிரைட்னஸ், 30 சென்டிமீட்டர் தூரம்: கண்ணில் 58 லக்ஸ். பிரைட்னஸை 50 நிட்ஸுக்கு இறக்கினால் 6 லக்ஸ். பத்தில் ஒரு பங்கு, விரலால் ஒரு இழுப்பு. நைட் மோடின் மஞ்சள் பூச்சால் இந்த அளவுக் குறைப்பு வராது. 2019இல் அமெரிக்காவின் ரென்சலர் நிறுவனத்தில் ஐபேடின் நைட் மோடான 'நைட் ஷிஃப்டை'ச் சோதித்தவர்கள், பிரைட்னஸைக் குறைக்காமல் நிறத்தை மட்டும் மாற்றுவது போதாது என்றே முடித்தார்கள். 2021இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இளைஞர்களிடம் பார்த்தபோதும் நைட் ஷிஃப்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் தூக்கத்தில் வித்தியாசம் வரவில்லை. ஆகவே நைட் மோடை ஆன் செய்து வையுங்கள், இலவசம்தானே; ஆனால் பிரைட்னஸைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிட்டு அப்புறம் நைட் மோடைப் பற்றிப் பேசுங்கள். ரீல்ஸ் பார்த்துக்கொண்டே இரண்டு மணி ஆனால் அதற்கு நீல ஒளியைக் காரணம் காட்ட முடியாது.

டிவி பற்றி ஒரு வரி. 43 அங்குலத் திரை, எட்டடி தூரம், சராசரிக் காட்சி: கண்ணுக்கு வருவது 10 லக்ஸுக்குள். "எப்பப் பார்த்தாலும் டிவி" என்று அம்மா சத்தம் போடும்போது தலைக்கு மேலே எரிகிற டியூப் அதைப் போல எட்டு மடங்கு வெளிச்சத்தைக் கண்ணில் கொட்டிக்கொண்டிருக்கும். சீரியல் பார்க்கும்போது டியூபை அணைத்தாலே பாதி வேலை முடிந்தது.

நான்காவது, கண்ணாடி. இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. கடைகளில் 'ப்ளூ கட்' என்று கூடுதல் காசு வாங்கிப் போட்டுத் தரும் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதா நீலப் பளபளப்பு தெரியும். நேராகப் பார்த்தால் சாதாரணக் கண்ணாடி மாதிரித்தான். இவை வடிகட்டும் நீல ஒளி 10 முதல் 25 சதவீதம் வரைதான். 72 மெலனோபிக் லக்ஸில் 25 சதவீதம் போனால் 54. அதே பலனை டியூபிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தே பெற்றுவிடலாம். 2023இல் 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, கம்ப்யூட்டரால் வரும் கண் களைப்புக்கு இந்த லென்ஸ்கள் குறுகிய காலத்தில் பெரிதாக உதவவில்லை என்றது. தூக்கத்துக்கு உதவுமா என்பதற்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

ஆரஞ்சு அல்லது ஆம்பர் நிறக் கண்ணாடி வேறு ஜாதி. போட்டதும் உலகமே மஞ்சளாகும், நீலப் பொருள் கறுத்துத் தெரியும். நீலத்தை ஏறக்குறைய முழுசாக நிறுத்திவிடும் வகை இது. தூக்கமின்மை உள்ள 14 பேர் படுக்கும் முன் இரண்டு மணி நேரம் இதை அணிந்தபோது நன்றாகத் தூங்கியதாக நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 2018இல் கண்டது. சிறிய ஆய்வு, ஒரு வாரம்தான், ஆனால் திசை சரியாக இருக்கிறது. யாருக்கு இது பயன்படும்? வெளிச்சம் தன் கையில் இல்லாதவர்களுக்கு. ஹாஸ்டலில் பதினோரு மணி வரை லைட் எரியும், ரூம்மேட் அணைக்க விடமாட்டார். கூட்டுக் குடும்பத்தில் ஹாலில்தான் படுக்கை, பெரியவர்கள் செய்தி பார்ப்பார்கள். அங்கே ஒரு ஆரஞ்சுக் கண்ணாடி சண்டையில்லாத தீர்வு. போட்டுக்கொண்டு வண்டி மட்டும் ஓட்டக் கூடாது. சுவிட்ச் தன் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.

ஐந்தாவதாக, விலை கூடிய பல்புகள். மூன்று வகை கிடைக்கின்றன. சுவிட்சை அணைத்துப் போட்டால் வெள்ளை, இளமஞ்சள், மஞ்சள் என்று மாறும் 3 இன் 1 பல்பு மலிவு; சாதாரண பல்பைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் பல மாடல்களில் மூன்று நிறத்திலும் லூமென் ஒன்றேதான், வெளிச்சம் குறையாது. கண் இமைக்கும் நேரம் கரண்ட் போய் வந்தாலும் நிறம் மாறி நடுராத்திரியில் பளீரென்று வெள்ளையாக எரியும். ஆப்பில் இயங்கும் ஸ்மார்ட் பல்பு நிறத்தையும் அளவையும் சேர்த்தே இறக்கும், நேரம் வைத்துவிட்டால் தானாகவே மங்கும். தூக்கத்துக்காகவே வாங்குவதென்றால் இந்த மூன்றில் இதுதான் உருப்படி. மாமியார் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால் ஆப் செத்துப்போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, டிம்மர். வீட்டில் குண்டு பல்பு காலத்து டிம்மர் இருந்தால் அதில் சாதாரண எல்இடியை மாட்டாதீர்கள். மினுக்கும், சீக்கிரம் போய்விடும். பெட்டியில் 'டிம்மபிள்' என்று எழுதியிருக்க வேண்டும், நம் ஊர்க் கடைகளில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம், நம் வீடுகளுக்கே உரிய சீரோ வாட்ஸ் பல்பு. பெயர்தான் சீரோ; பழைய இழை பல்பு 15 வாட்ஸ் வரை இழுக்கும். இப்போது அரை வாட்ஸ் எல்இடியில் வருகிறது, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று. குழந்தை இருக்கும் அறைகளில் பலருக்கும் பிடித்தது நீலம். குளுமையாக, நிலா வெளிச்சம் மாதிரி இருக்கிறது என்பார்கள். லக்ஸ் ஒன்றேயாக இருந்தால் நீல எல்இடி மெலனோப்சினைப் பகல் வெளிச்சத்தைவிடவும் பல மடங்கு தூண்டும். சிவப்போ ஏறக்குறைய தொடுவதே இல்லை. இவ்வளவு சின்ன பல்பு மூடிய இமை வழியாகப் பெரிய சேதம் செய்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும், இமைகள் நீலத்தை நன்றாகவே தடுக்கும். ஆனால் குழந்தைக்குப் பால் கொடுக்க, டயபர் மாற்ற என்று இரவில் கண் விழித்து உட்காரும் நேரத்துக்கு அது பொருந்தாது. ஒரே விலையில் சிவப்பும் ஆம்பரும் கிடைக்கும்போது நீலத்தை எடுக்க ஒரு காரணமும் இல்லை. இந்தப் பட்டியலிலேயே மிக எளிதான முடிவு இதுதான்.

இவற்றில் யாருக்கு எது என்பது வீட்டுக்கு வீடு மாறும், ஏனென்றால் கண்ணுக்குக் கண் மாறுகிறது. 2019இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 55 பேரை அளந்தார்கள். மெலடோனின் பாதியாகக் குறைய ஒருவருக்கு 6 லக்ஸ் போதுமாயிருந்தது. இன்னொருவருக்கு 350 லக்ஸ் தேவைப்பட்டது. ஐம்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். "நான் லைட் போட்டுக்கொண்டே தூங்குவேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்பவரும் பொய் சொல்லவில்லை, "எறும்புக் கண் அளவு வெளிச்சம் இருந்தாலும் தூக்கம் வராது" என்பவரும் வேஷம் போடவில்லை. ஒருவரின் அனுபவத்தை வைத்து மற்றவருக்கு வாங்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. குழந்தைகளின் கண்மணி பெரிது, கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) தெளிவு. அதிக ஒளி உள்ளே போகிறது. ஜப்பானில் ஷிகேகாசு ஹிகுச்சியின் குழு 2014இல் பார்த்தபோது, அதே வெளிச்சத்தில் குழந்தைகளின் மெலடோனின் பெரியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அடங்கியது. அதே குழு 2018இல் 3000, 6200 கெல்வின் எல்இடிகளை ஒப்பிட்டபோது, குழந்தைகளுக்கு வெள்ளையில் மெலடோனின் இன்னும் கூடுதலாக அடங்கியது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இரவு பதினொன்று வரை படிக்கும் மேசைக்கு மேல் 6500 கெல்வின் டியூப் எரிந்தால், காலையில் எழுப்ப முடியவில்லை என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். மேசைக்கு 3000 கெல்வின் விளக்கு, அறைக்குக் குறைந்த வெளிச்சம். கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் இந்த மேசையில்தான் முதலில் செலவழிப்பேன். பெரியவர்களின் அறை பிறகு.

தாத்தா பாட்டி பக்கம் கணக்கு திரும்புகிறது. வயதாக ஆக வில்லை மஞ்சளித்து நீலத்தைத் தானே தடுக்கும். அவர்களுக்கு இரவில் பெரிய ஆபத்து மெலடோனின் குறைவதில்லை, பாத்ரூம் போகும் வழியில் தடுக்கி விழுவது. எனவே அவர்கள் அறையை இருட்டாக்க வேண்டாம். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை முழங்காலுக்குக் கீழே ஒன்றிரண்டு ஆம்பர் விளக்குகள், பிளக்கில் செருகும் வகையோ ஆள் நடமாட்டம் கண்டு எரியும் வகையோ. பகலில் அவர்களை ஜன்னல் ஓரமோ திண்ணையோ பார்த்து உட்கார வைப்பது, இரவில் எந்தப் பல்பை மாற்றுவதைவிடவும் அவர்கள் தூக்கத்துக்கு உதவும் என்பது என் எண்ணம்.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கி, வழக்கமாக உட்காரும் இடத்தில், கண் உயரத்தில், நீங்கள் பார்க்கும் திசையில் போனின் முகப்பைத் திருப்பிப் பிடியுங்கள். மேலே பார்த்துப் பிடித்தால் எண் தப்பாக வரும். துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் 80க்கும் 8க்கும் வித்தியாசம் காட்டும். டியூப் எரியும்போது ஒரு முறை, அணைத்து மேசை விளக்கில் ஒரு முறை. பெட்டியில் உள்ள கெல்வினைப் பார்த்து 0.9ஆலோ 0.5ஆலோ பெருக்குங்கள். பலருக்கு இந்தச் சோதனைக்குப் பிறகு எதுவும் வாங்கவே தோன்றாது.

இரவு ஷிஃப்ட் செய்பவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் அப்படியே பொருந்தாது. நர்ஸ், கால் சென்டர், மில் வேலை என்று விடிய விடிய விழித்திருக்க வேண்டியவருக்கு வேலை நேரத்தின் முன்பாதியில் பிரகாசமான வெள்ளை வெளிச்சம் உதவி. மங்கலான மஞ்சளில் உட்கார வைத்தால் கண் சொருகும், வேலை கெடும். அவர்களுக்குச் சிக்கல் வீடு திரும்பும் காலை வெயில். பஸ்ஸிலோ ஆபீஸ் வேனிலோ வருபவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். தூக்கக் கலக்கத்தோடு தானே பைக் ஓட்டி வருபவர் அதைச் செய்யக் கூடாது. அவர்கள் பணம் போட வேண்டிய இடம் பல்பில் இல்லை, வெளிச்சம் புகாத கனத்த ஜன்னல் திரையில். வாரத்துக்கு ஒரு முறை ஷிஃப்ட் மாறுபவருக்கு எந்த விளக்கும் கடிகாரத்தை முழுசாகத் திருப்பித் தராது. படுத்தால் பலத்த குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது, மூன்று மாதத்துக்கு மேல் தூக்கமே வராமல் தவிப்பது என்று இருந்தால் எலெக்ட்ரிகல் கடைக்குப் போவதற்கு முன் டாக்டரிடம் போய்விடுங்கள்.